கலைச்சொல் வேண்டும்: வில்சனின் 'கவனன்ட்'

கோவையிலிருந்து:

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனின் உரைகள் சிலவற்றைத் தமிழில் கொண்டுவரும் வேலையில் இருக்கிறேன். பாதி தூரம் சிக்கலில்லாமல் ஓடிய வண்டி ஒரு வாக்கியத்தில் வந்து நின்றுவிட்டது. மூன்று நாளாகத் தள்ளுகிறேன், நகரமாட்டேன் என்கிறது.

இடம்: நியூயார்க், மெட்ரோபாலிட்டன் ஓப்பரா அரங்கம். நாள்: 1919 மார்ச் 4. முதல் உலகப் போர் முடிந்து நடந்த பாரிஸ் அமைதி மாநாட்டுக்கு நடுவே ஊருக்கு ஓர் எட்டு வந்துபோன வில்சன், மறுநாள் கப்பலேறப் போகிறார். அதற்குச் சற்று முன்புதான் செனட்டில் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஹென்றி கேபட் லாட்ஜ் ஓர் அறிக்கையை வாசித்திருக்கிறார். முதலில் ஜெர்மனியோடு சமாதானத்தை முடியுங்கள், இனிப் போர் வராமல் தடுக்க நாடுகள் சேர்ந்து அமைக்கும் சர்வதேச சங்கத்தை (லீக் ஆஃப் நேஷன்ஸ்) பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். செனட் ஓர் ஒப்பந்தத்தை ஏற்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். கையெழுத்திட்ட செனட்டர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் எந்த ஏற்பையும் தடுத்து நிறுத்தப் போதும். அதற்கு வில்சன் மேடையிலேயே பதில் சொல்கிறார். என் முதல் வரைவில் அந்தப் பதில் இப்படி வந்திருக்கிறது:

"உடன்படிக்கை திரும்பி வரும்போது உடன்படிக்கை அதற்குள்ளேயே இருக்கும். அது மட்டுமல்ல, உடன்படிக்கையின் இழைகள் பலவும் உடன்படிக்கையோடு முடிச்சிடப்பட்டிருக்கும். உடன்படிக்கையை உடன்படிக்கையிலிருந்து அறுத்தெடுத்தால் மொத்த உடம்பும் செத்துவிடும்."

சிரிக்காதீர்கள். அகராதிப்படி ஒரு பிழையும் இல்லை. அவர் ஒரு இடத்தில் 'ட்ரீட்டி' என்கிறார், அடுத்த இடத்தில் 'கவனன்ட்' என்கிறார். நம்மிடம் இரண்டும் உடன்படிக்கைதான்.

ட்ரீட்டி என்பது 1919 ஜூன் 28 அன்று வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தில் கையெழுத்தானது. மொத்தம் 440 உறுப்புகள். கவனன்ட் என்பது அதில் முதல் 26 உறுப்புகள், சர்வதேச சங்கத்தின் அடிப்படை ஆவணம். பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டி. சின்னதைப் பெரியதிலிருந்து பிரிக்கலாமா கூடாதா என்பதுதான் அடுத்த ஓராண்டுக்கு வாஷிங்டனில் நடந்த சண்டை. பெயர் ஒன்றாகிவிட்டால் சண்டையே புரியாது.

என் பரிந்துரை: பிணைமொழி. பிணைக்கும் மொழி. 10ஆம் உறுப்பில், வெளியாரின் தாக்குதலிலிருந்து ஒருவர் மற்றவரின் எல்லையையும் அரசியல் சுதந்திரத்தையும் காப்போம் என்று உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொள்கின்றன. கிட்டத்தட்ட ஜாமீன் நிற்பது போலத்தான். கருத்துச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள். போன இழையில் ஒருவர் வில்சனின் 'ஐடியலிசம்' என்பதற்குக் கருத்துமுதல்வாதம் என்று எழுதியிருந்தார். அது மெய்யியல் வகுப்புக்கான சொல். இவருடையது இலட்சியவாதம். இதை இத்தோடு முடித்துக்கொள்வோம்.

*

பாளையங்கோட்டையிலிருந்து:

தம்பிக்கு,

பிணை வேண்டாம். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது நீதிமன்ற வாசல். "வில்சனின் பிணை" என்று தலைப்புப் போட்டால் அவரை எப்போது கைது செய்தார்கள் என்று வாசகன் கேட்பான்.

வில்சனின் தகப்பனார் பிரெஸ்பிட்டீரியன் சபைப் போதகர். ஸ்காட்லாந்தில் 1638இல் மக்கள் திரண்டு தங்கள் சபையைக் காப்போம் என்று கையெழுத்திட்ட பத்திரத்துக்கும் கவனன்ட் என்றுதான் பெயர். அந்தச் சபை மரபில் வளர்ந்தவர் வில்சன். பிரின்ஸ்டனில் மாணவராக இருந்தபோது, எங்கள் திறமையையெல்லாம் ஒரே நோக்கத்துக்காகத் தீட்டுவோம் என்று நண்பர் ஒருவரோடு சேர்ந்து உறுதி எடுத்துக்கொண்டார். அதையும் கவனன்ட் என்றே பிற்பாடு எழுதினார். ஆகவே அவர் இந்தச் சொல்லைச் சட்டப் புத்தகத்தில் தேடி எடுக்கவில்லை. வீட்டிலேயே இருந்தது.

எங்கள் வீட்டிலும் இருக்கிறது. நோவாவோடு கடவுள் செய்தது உடன்படிக்கை, அதற்கு அடையாளம் வானவில். ஆசரிப்புக் கூடாரத்தில் இருந்தது உடன்படிக்கைப் பெட்டி. தமிழ் வேதாகமத்தில் கவனன்டுக்கு இந்தச் சொல்தான். எனவே கவனன்டை உடன்படிக்கை என்று வைத்துக்கொண்டு ட்ரீட்டியை ஒப்பந்தம் ஆக்கிவிடுங்கள். புதுச்சொல் எதுவும் தேவையில்லை, வேலை முடிந்தது.

பொருத்தனை என்று இன்னொரு வேதாகமச் சொல்லும் உண்டு. அது மனிதன் கடவுளிடம் நேர்ந்துகொள்வது. நாடுகள் ஒன்றுக்கொன்று நேர்ந்துகொள்வதில்லை, அதனால் அது ஒத்துவராது.

*

பெங்களூரிலிருந்து:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். பிரெஞ்சுக்காரர்கள் இதே ஆவணத்துக்குப் 'பேக்ட்' என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மானியர்கள் 'சாட்ஸுங்' என்றார்கள், சங்கத்துக்கு எழுதும் அமைப்புவிதி மாதிரி. வில்சனின் அப்பா பிரசங்கம் செய்தது பற்றி அவர்கள் யாரும் கவலைப்படவில்லை. உலகப் போர் முடிந்த கையோடு அவர்களுக்கே ஓடிய வேலை, நமக்கு மட்டும் ஏன் ஓடாது? கவனன்ட் என்றே எழுதிவிட்டுப் போங்கள். ஒரு பத்தியில் விளக்கினால் போதும்.

இன்னொன்று. அடுத்த அத்தியாயத்தில் செனட்டர் லாட்ஜ் கொண்டுவந்த 14 'ரிசர்வேஷன்கள்' வரும், அதாவது ஒப்பந்தத்தை ஏற்க அவர் விதித்த நிபந்தனைகள். தயவுசெய்து அதை 'லாட்ஜ் ஒதுக்கீடு' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். ரயிலடிக்கு எதிரே ரூம் போட்ட மாதிரி இருக்கும்.

*

டொராண்டோவிலிருந்து:

வணக்கம்.

ஈழத்தில் எங்களுக்குச் சமவாயம் என்றொரு சொல் இருக்கிறது, சட்டத் தமிழில் நன்றாகப் பழகிவிட்டது. முதலில் அதைத்தான் முன்மொழிய வந்தேன். ஆனால் அது சட்டவாடை உள்ள சொல் என்பதாலேயே வேண்டாம் என்று இப்போது நினைக்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

1919 ஆகஸ்ட் 19 அன்று செனட்டின் வெளியுறவுக் குழுவை வில்சன் வெள்ளை மாளிகைக்கே அழைத்துப் பேசினார். 10ஆம் உறுப்பு இந்த ஆவணத்தின் முதுகெலும்பு என்று அங்கேதான் சொன்னார். அப்படியென்றால் எங்கோ ஒரு நாட்டின் எல்லையைக் காக்க அமெரிக்கப் படைகள் கட்டாயம் போகவேண்டுமா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். அவர் சொன்ன பதிலைக் கவனியுங்கள். அது சட்டக் கடமை அன்று, மனச்சாட்சியை மட்டும் கட்டுகிற தார்மீகக் கடமை. அதோடும் விடவில்லை, தார்மீகக் கடமை சட்டக் கடமையைவிட மேலானது, அதற்குத்தான் கட்டும் வலு அதிகம் என்றார்.

செனட்டர்களுக்கு இது சுற்றிவளைத்த பேச்சாகப் பட்டது. கட்டாயம் என்றால் எழுதிவையுங்கள், கட்டாயம் இல்லையென்றால் எதற்காக இந்த உறுப்பு? அவர்கள் வாசித்தது ஒப்பந்தம். அவர் கையில் வைத்திருந்தது வேறு ஏதோ.

அந்த 'வேறு ஏதோ'வுக்குப் பிணை, சமவாயம், ஒப்பந்தம் எதுவும் பொருந்தாது, எல்லாம் வழக்குப் போடக்கூடிய சொற்கள். பாளையங்கோட்டை ஐயா சொல்லும் உடன்படிக்கை தேவாலயத்துக்குள் இருப்பவர்களுக்கு ஒலிக்கும். வெளியே நிற்கும் எனக்கு அது 1987இல் கொழும்பில் கையெழுத்தான தாளைத்தான் நினைவூட்டுகிறது. இலங்கை இந்திய ஒப்பந்தம் என்றும் சொல்வோம், உடன்படிக்கை என்றும் சொல்வோம், எங்கள் காதுக்கு இரண்டும் ஒன்றே.

சூள் என்ற பழைய சொல்லை யாராவது யோசித்தீர்களா? சூளுரை இன்றும் பேப்பரில் வருகிறதுதானே.

மற்றது, சூள் யாருக்காகச் சொல்லப்பட்டது என்பதையும் மறக்கவேண்டாம். இன சமத்துவம் பற்றி கவனன்டின் முகவுரையில் ஒரு வரி சேர்க்கும்படி ஜப்பான் கேட்டது. 1919 ஏப்ரல் 11 அன்று, பாரிஸில் அதை வரைந்த குழுவில் 17 பேரில் 11 பேர் ஆதரித்தார்கள். தலைமை தாங்கிய வில்சன், ஒருமனதாக இல்லை என்று சொல்லித் தள்ளிவிட்டார். புனிதமான சொல்லைத் தேடும்போது இதுவும் உங்கள் அடிக்குறிப்பில் இருக்கட்டும்.

*

கோவையிலிருந்து:

டொராண்டோ அம்மாவுக்கு நன்றி. பிணைமொழியை நானே திரும்பப் பெறுகிறேன். மனச்சாட்சிக் கடமை என்று அவரே சொன்ன பிறகு ஜாமீனுக்கு வேலை இல்லை.

சூளைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். முதலில் வஞ்சினம்வரை போனேன். 'பகைவரை வெல்லாவிட்டால் என் நாட்டைப் புலவர்கள் பாடாதொழியட்டும்' என்று பாண்டியன் நெடுஞ்செழியன் புறநானூற்றில் சொல்கிறானே, அது. கம்பீரமான சொல், ஆனால் போருக்குப் புறப்படுகிறவன் சொல்வது. போரை நிறுத்த எழுதிய தாளுக்கு அதைச் சூட்டினால் விபரீதம்.

சூள் அப்படியில்லை, அகப்பாடல்களிலும் வரும். தலைவன் தலைவியிடம் தெய்வத்தைச் சாட்சி வைத்துச் சொல்வது. பொய்த்தால் எந்த மன்றமும் விசாரிக்காது, தெய்வம்தான் வருத்தும். வில்சன் சொன்ன தார்மீகக் கடமைக்கு இதைவிடக் கிட்டத்தில் வரும் சொல் தமிழில் எனக்குக் கிடைக்கவில்லை. பலர் சேர்ந்து செய்வதால் முன்னால் ஒரு 'உடன்' போட்டேன். உடன்பாடு, உடன்படிக்கை, உடன்சூள். குடும்பச் சாயல் இருக்கிறது, ஆனால் ஆள் வேறு.

பாளையங்கோட்டை ஐயாவின் தீர்வுதான் எளிது, மறுக்கவில்லை. ஒப்பந்தம் என்பதை ட்ரீட்டிக்கு அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பள்ளிப் புத்தகத்தில் வெர்சாய் உடன்படிக்கை என்றே படித்த வாசகன் என் புத்தகத்தில் 'உடன்படிக்கை' என்று பார்த்தால் 440 உறுப்பையும்தான் நினைப்பான், 26ஐ நினைக்கமாட்டான்.

பெங்களூர் நண்பருக்கு: பிரெஞ்சுக்காரர்களுக்கு ஓடியது உண்மை. அவர்கள் அந்த ஆவணத்தைப் பயன்படுத்தவேண்டியிருந்தது, பேக்ட் போதும். நான் மொழிபெயர்ப்பது ஆவணத்தை அல்ல, ஒரு மனிதனின் பிடிவாதத்தை. 1919 நவம்பர் 19 அன்று நடந்ததைப் பாருங்கள். ஒப்பந்தத்தை ஏற்பதா என்று செனட்டில் லாட்ஜின் நிபந்தனைகளோடு வாக்கெடுப்பு நடந்தது: ஆதரவு 39, எதிர்ப்பு 55. நிபந்தனை இல்லாமல் இன்னொன்று: 38, 53. முதல் வாக்கெடுப்பில் எதிர்த்தவர்களில் பலர் வில்சனின் சொந்தக் கட்சிக்காரர்கள். எதிர்க்கச் சொன்னதே அவர்தான். செப்டம்பரில் ரயிலில் நாடு முழுக்கப் பேசிக்கொண்டே போய், கொலராடோவின் பியூப்லோவில் பேசிய பிறகு உடல் முறிந்து, அக்டோபர் 2 அன்று பக்கவாதம் தாக்கிப் படுக்கையில் கிடந்தவர், அங்கிருந்து சொல்லி அனுப்பினார். 1920 மார்ச் 19 அன்று மறுபடி நிபந்தனைகளோடு வைத்தார்கள்: 49, 35. மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு வாக்குகள் குறைவு. அமெரிக்கா கடைசிவரை சங்கத்தில் சேரவே இல்லை.

ஒப்பந்தம் என்று வாசித்தால் இது முட்டாள்தனம். ஒப்பந்தத்தில் பேரம் பேசலாம், ஒரு வரியைத் தளர்த்தலாம், பாதியாவது கிடைத்தது என்று வாங்கிக்கொண்டு போகலாம். சூள் என்று வாசித்தால் அவர் ஏன் அசையவில்லை என்பதாவது விளங்குகிறது. நிபந்தனையோடு ஒருவன் சத்தியம் செய்தால் அதற்குப் பெயர் சத்தியம் இல்லையே. என்னைக் கேட்டால், 1920 மார்ச்சில் அவர் விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். ஏழு வாக்குகள்தானே! ஆனால் என் கோபம் வேறு, மொழிபெயர்ப்பு வேறு.

அந்த ரிசர்வேஷன்களுக்கு 'வரம்புக் குறிப்பு' என்று போட்டிருக்கிறேன். ஒதுக்கீடு வராது, ரூமும் கிடைக்காது.

சமாதானத்துக்காக வில்சன் முன்வைத்த பதினான்கு அம்சங்களில் முதலாவதில், 1918 ஜனவரி 8 உரையில், 'வெளிப்படையாக எட்டப்பட்ட வெளிப்படையான கவனன்ட்கள்' என்று வருகிறது. அங்கே பொதுவான சமாதான ஏற்பாடுகளைத்தான் சொல்கிறார். சில வாரங்களுக்கு முன்புதான் போல்ஷெவிக்குகள் ஜார் மன்னனின் ரகசிய ஒப்பந்தங்களை அச்சிட்டு வெளியிட்டிருந்தார்கள். அங்கும் உடன்சூள் போடுவதா? ஒருநாள் ஆம் என்கிறேன், மறுநாள் வேண்டாம் என்கிறேன். அவர் வேண்டுமென்றே ஒரே சொல்லை எடுத்தாரா, பழக்கத்தில் வாயில் வந்ததா? இப்போதைக்கு இரண்டு இடத்திலும் உடன்சூள்.

நின்றுபோன வாக்கியம் இப்படி ஆகியிருக்கிறது:

"ஒப்பந்தம் திரும்பி வரும்போது உடன்சூள் அதற்குள்ளேயே இருக்கும். அது மட்டுமல்ல, ஒப்பந்தத்தின் இழைகள் பலவும் உடன்சூளோடு முடிச்சிடப்பட்டிருக்கும். உடன்சூளை ஒப்பந்தத்திலிருந்து அறுத்தெடுத்தால் மொத்த உடம்பும் செத்துவிடும்."

*

பாளையங்கோட்டையிலிருந்து:

தம்பி, சரி, போடுங்கள். முழுமனதாக இல்லை, ஆனால் வாக்கியம் ஓடுகிறது.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த எஸ். சுப்பிரமணிய ஐயர் 1917இல் இந்தியாவுக்குத் தன்னாட்சி கிடைக்க உதவும்படி இந்த வில்சனுக்கே கடிதம் எழுதினார். ஆங்கில அரசு கொதித்தது, பெரியவர் தம் சர் பட்டத்தையே துறந்தார். வில்சனின் பேச்சு அவர் காதிலும் சூளாகத்தான் விழுந்திருக்க வேண்டும். முன்னுரையில் இடம் இருந்தால் அவரையும் சேருங்கள்.

கடைசியாக ஒன்று. மெய்ப்புப் பார்க்கும்போது 'ள்' மேல் கண் இருக்கட்டும். அச்சில் 'உடன்சூல்' என்று விழுந்தால் நாடுகளெல்லாம் சேர்ந்து கருவுற்றதாக ஆகிவிடும். சங்கம் கூடிய ஜெனீவாவில் அதற்கு உறுப்பு எதுவும் கிடையாது.