புதுப்பிப்பு: அம்மா வீட்டு அலாரம், காரணம் பிடிபட்டது

போன மாதம் எழுதியிருந்தேன்: யாழ்ப்பாணம் கொக்குவிலில் அம்மா தனியாக இருக்கிற வீட்டில் பூட்டிய அலாரம் சாமத்தில் சும்மா சும்மா அலறுகிறது, கரண்ட் போனால் செத்துவிடுகிறது, பூட்டிய கொம்பனி போனை எடுப்பதில்லை என்று. நிறையப் பேர் வழி சொன்னீர்கள், நன்றி.

கொம்பனி கடைசிவரை வரவில்லை. பக்கத்துத் திருநெல்வேலியில் வயரிங் வேலை செய்கிற தம்பி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து, விறாந்தை மூலையில் இருந்த சென்சரைக் கழற்றினார். மூடிக்குள் பல்லி எச்சம், இரண்டு முட்டை. அந்தச் சென்சர் பார்ப்பது வெப்பத்தின் மாற்றத்தை. அதன் முகத்தோடு ஒட்டிப் பல்லி ஊர்ந்தாலும் ஆள் நடப்பதாக எடுத்துக்கொள்ளும். வயர் நுழைகிற ஓட்டையைச் சிலிக்கனால் அடைத்தார். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

கரண்ட் போனால் அலாரத்தை ஓட்டவேண்டிய, பெட்டிக்குள் இருந்த 12 வோல்ட் பற்றரி பக்கம் புடைத்து வீங்கியிருந்தது. எங்கள் வெக்கையில் இந்தப் பற்றரிகள் சில வருடம்தான் தாங்கும். பூட்டும்போது இதை ஒருவரும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். புதியதைப் போட்டு மெயின் சுவிட்சை நிற்பாட்டிப் பார்த்தோம். சைரன் அடித்தது, கொழும்பில் இருக்கிற தங்கச்சிக்கும் அழைப்புப் போனது. அலாரத்தில் இருக்கிற சிம்மில் காசு முடிந்தால் அதுவும் போகாது, ஆகவே மாதாமாதம் ரீலோட்.

அலாரம் அழைக்கிற முதல் இலக்கமாகப் பொலிஸின் 119ஐப் போடச் சொன்னவர்களுக்கு: போடவில்லை. பல்லிக்காகப் பொலிஸ் ஓடிவரக் கூடாது. பக்கத்து வீட்டு மாமிதான் முதல்.

நேற்று விடியும்வரை நித்திரை கொண்டதாக அம்மா சொன்னா.