கேட் மாடல் ரெண்டர்: எதைத் தொட்டதும் நிஜமாகத் தெரிந்தது? – அனுபவப் பகிர்வு

கேட் (CAD, கணினியில் வரையும் முப்பரிமாண வடிவமைப்பு) மாடலை ரெண்டர் செய்து, அதாவது மெட்டீரியலும் வெளிச்சமும் கொடுத்துப் படமாக்கி, ஃபோட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ மெருகேற்றி, பார்த்தவர் “இது போட்டோவா?” என்று கேட்ட அனுபவம் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள். எந்த மென்பொருள் உசத்தி என்ற சண்டை வேண்டாம். எதைத் தொட்டதும் படம் மாறியது, அதை மட்டும் சொன்னால் போதும். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

என் வேலை பெரும்பாலும் வால்வு, பம்ப், கியர்பாக்ஸ் உறை வகையறா. ஒரு வால்வுக்கு ரெண்டர் போட்டுக் காட்டியபோது உற்பத்திப் பிரிவில் இருந்த மூத்தவர் ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “எல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி, ஆனா இதைத் தொட்டா கையை அறுத்துடும் போல இருக்கே” என்றார். ரெண்டரிங் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. ஆனால் குறையைக் கச்சிதமாகப் பிடித்துவிட்டார்.

கேட் மாடலில் இரண்டு முகங்கள் சந்திக்கும் இடம் வெறும் கோடு. அதற்கு அகலமே கிடையாது. பட்டறையிலிருந்து வரும் பாகத்துக்கு அப்படி ஒரு விளிம்பு இருக்காது. கூர்விளிம்புகளை மழுக்கவும் என்று வரைபடத்திலேயே குறிப்பு இருக்கும். மழுக்கிய அந்த அரை மில்லிமீட்டரில்தான் வெளிச்சம் மெல்லிய கோடாக ஓடும். அந்தக் கோடு இல்லையென்றால் எவ்வளவு நல்ல டெக்ஸ்சர் (பரப்பின் மேல் ஒட்டும் படம்) போட்டாலும் கண் நம்ப மறுக்கிறது.

மாடலில் எல்லா விளிம்புக்கும் ஃபில்லட் (விளிம்பை வளைத்து மழுக்குவது) போடலாம்தான். ஆனால் கோப்பு கனத்துவிடும், பல விளிம்புகள் கூடும் மூலைகளில் ஃபில்லட் ஃபெயிலாகி நிற்கும். கீஷாட் என்ற ரெண்டர் மென்பொருளில் ‘ரவுண்டட் எட்ஜஸ்’ என்று ஒரு அமைப்பு உண்டு. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில், அதன் சைக்கிள்ஸ் ரெண்டர் எஞ்சினுக்கு பெவல் நோடு. இரண்டும் வடிவத்தைத் தொடுவதில்லை. விளிம்புக்குப் பக்கத்தில் பரப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்ற கணக்கை மட்டும் வளைத்து, அங்கே ஒரு வளைவு இருப்பதுபோலக் காட்டும். அதனால் பொருளின் வெளிக்கோடு கூராகவேதான் இருக்கும். மிக நெருக்கமான ஷாட் என்றால் அங்கே மட்டும் நிஜ ஃபில்லட் போட்டே ஆகவேண்டும்.

அளவில் ஒரு விஷயம். எல்லா விளிம்புக்கும் ஒரே ஆரம் கொடுத்தால் மறுபடியும் செயற்கை ஒட்டிக்கொள்ளும். வார்ப்பில் வந்த மூலைக்கு 3 மிமீ, இயந்திரத்தில் வெட்டிய முகத்துக்கு 0.3 மிமீ என்று பிரித்துக் கொடுங்கள். எந்த முகம் எப்படிச் செய்யப்பட்டது என்பது பார்ப்பவருக்குத் தானாகவே புரியும். திருத்திய படத்தை அதே மூத்தவரிடம் காட்டினேன். “ஃபிளாஞ்ச் முகத்தை இன்னும் கொஞ்சம் நைசா வெட்டியிருக்கலாம்” என்றார் (ஃபிளாஞ்ச் என்பது போல்ட் போட்டு இணைக்கும் தட்டை விளிம்பு). படத்தை மறந்து பாகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அப்புறம் என்ன வேண்டும்?

* * *

விளிம்பு பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனால் அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது: கைக்கு வரும் கோப்பு எது?

எனக்கு மாடல்கள் வெளியிலிருந்து வரும். எஸ்டிஎல் (STL) கோப்பு என்று பார்த்தாலே மனசு சோர்ந்துவிடும். அதில் இருப்பது முக்கோணங்கள் மட்டும். வளைபரப்பு என்பதே கிடையாது. ஒரு குரோம் குழாயில் பிரதிபலிப்பு பட்டை பட்டையாக உடைந்து வந்தது. ஸ்மூத் ஷேடிங் (முக்கோணங்களை வழவழப்பாகக் காட்டுவது) போட்டால் குழாய் சரியாகிறது, பக்கத்துத் தட்டை முகத்தில் அழுக்கு நிழல் ஏறுகிறது. ஃபோட்டோஷாப்பில் ஸ்மட்ஜ், ஹீலிங் பிரஷ் என்று தேய்த்துக்கொண்டிருப்பதைவிட, அனுப்பியவரைக் கூப்பிட்டு ஸ்டெப் (STEP) கோப்பு கேட்பது மேல். ஸ்டெப்பில் வளைவு வளைவாகவே இருக்கும். எவ்வளவு நுணுக்கமாக முக்கோணமாக்குவது என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

எஸ்டிஎல்லில் அலகும் இல்லை. 50 மிமீ மூடி 50 மீட்டராக உள்ளே வந்து உட்காரும், திரையில் வித்தியாசமே தெரியாது. பால்வெள்ளை சிலிக்கான் மாதிரி வெளிச்சம் ஊடுருவும் மெட்டீரியல் கொடுத்ததும்தான் மாட்டிக்கொள்ளும்: சில மில்லிமீட்டர் ஊடுருவல் 50 மீட்டர் பொருளில் எங்கே தெரியப்போகிறது? மெட்டீரியல் ஸ்லைடரோடு மல்லுக்கட்டும் முன் மாடலை ஒருமுறை அளந்துவிடுங்கள்.

* * *

நான் போட்டோகிராஃபி பக்கத்திலிருந்து ரெண்டருக்கு வந்தவன். உலோகத்துக்குச் சுற்றிலும் வெள்ளை வெளிச்சம் கொடுப்பவர்களைப் பார்த்தால் கை பரபரக்கும். பாலிஷ் செய்த உலோகத்துக்குச் சொந்த முகம் கிடையாது, சுற்றி இருப்பதைத்தான் காட்டும். சுற்றிலும் வெள்ளை என்றால் சாம்பல் பெயின்ட் அடித்த தோற்றம்தான் வரும். ஸ்டுடியோவில் பொருளுக்கு இரண்டு பக்கமும் கறுப்பு அட்டை நிறுத்துவோம். உருளையின் ஓரத்தில் அந்தக் கறுப்பு பட்டையாக விழும்போதுதான் அதற்கு உருட்சியே வரும். ரெண்டரிலும் அதையேதான் செய்கிறேன்: ஒரு பெரிய செவ்வக விளக்கு, இரு பக்கமும் கறுப்புத் தகடு, எச்டிஆர்ஐயை (சுற்றுப்புற வெளிச்சத்துக்கான படம்) மிக மெலிதாகப் பின்னால். விளக்கும் முழுக்க ஒரே வெளிச்சமாக வேண்டாம். நிஜ சாஃப்ட்பாக்ஸ் நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கியும் இருக்கும். அந்த இறக்கத்தை விளக்கின் டெக்ஸ்சரிலேயே கொடுத்துவிடலாம்.

கேமரா இன்னொன்று. மென்பொருளின் வேலைத்திரையில் (வியூபோர்ட்) இருந்த பெர்ஸ்பெக்டிவை அப்படியே எடுத்துக்கொண்டால் உள்ளங்கையில் அடங்கும் பொருளும் ராட்சச அளவாகத் தெரியலாம். சிறு பொருளுக்கு 85 அல்லது 100 மிமீ லென்ஸ் வையுங்கள், கேமராவைப் பின்னால் தள்ளுங்கள்.

வெள்ளைப் பிளாஸ்டிக்குக்கு 255, 255, 255 என்ற முழு வெள்ளை கொடுப்பதையும் விட்டுவிடலாம். புதுப் பனிகூடத் தன்மேல் விழும் ஒளி முழுவதையும் திருப்பி அனுப்புவதில்லை. 80 சதவீதம் அளவில் நிறுத்தினால்தான் அதன்மேல் விழும் மினுக்கலுக்கு இடம் மிஞ்சும்.

ஐகியா தன் கேட்டலாகில் முதல் கம்ப்யூட்டர் படத்தை 2006-ல் போட்டது, பெர்டில் என்ற மர நாற்காலி. பிறகு அங்கே போட்டோ எடுப்பவர்களுக்கு 3டியும், 3டி ஆட்களுக்கு போட்டோகிராஃபியும் சொல்லிக்கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் அதிகம் பலன் தரும்.

* * *

இதுவரை எல்லோரும் ரெண்டர் பட்டனை அழுத்துவதற்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டீர்கள். நான் எடிட்டிங் பக்கம் வருகிறேன்.

முதலில், ஒரே ஒரு ஜேபெக் எடுத்து அதன்மேல் வேலை செய்யாதீர்கள். 8 பிட் படத்தில் ஒரு சேனலுக்கு (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும்) 256 படிகள்தான். பின்னணி சாம்பலிலிருந்து கறுப்புக்கு மெல்ல இறங்கும் படத்தில் கர்வ்ஸை (வெளிச்ச அளவைத் திருத்தும் கருவி) லேசாக இழுத்தாலே வளையம் வளையமாகக் கோடு விழும். 32 பிட் இஎக்ஸ்ஆர் (EXR) கோப்பு எடுங்கள், முடியாவிட்டால் 16 பிட்டாவது. கூடவே பிரதிபலிப்பு, நிழல், ஐடி பாஸ்கள், அதாவது ஒவ்வொன்றும் தனிப் படமாக. ஐடி பாஸில் ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு பளிச் நிறத்தில் வரும். கீஷாட்காரர்கள் இதை ‘கிளவுன்’ என்கிறார்கள், பொருத்தமான பெயர்தான். அதில் ஒரு க்ளிக், பாகத்துக்கு மாஸ்க் (அந்த இடத்தை மட்டும் திருத்த உதவும் மறைப்பு) தயார்.

ஒரு ஹேர் டிரையர் வேலை. படம் அச்சுக்குப் போகவேண்டிய நேரத்தில், “கைப்பிடி மட்டும் இன்னும் கொஞ்சம் மேட்டா இருந்தா நல்லா இருக்கும் மேடம்” என்று ஃபோன். ஐடி மாஸ்க்கை வைத்து, பிரதிபலிப்பு லேயரைக் கைப்பிடியில் மட்டும் குறைத்துப் பார்த்தேன். மினுக்கல் குறைந்தது, மேட் ஆகவில்லை. ஏனென்றால் மேட் பரப்பில் பிரதிபலிப்பு பலம் குறைவதைவிட முக்கியமாகப் பரவிக் கலங்குகிறது. அதை மாஸ்க்கால் கொண்டுவர முடியாது. ரெண்டரில் ரஃப்னஸை (பரப்பின் சொரசொரப்பு அளவு) ஏற்றி, கைப்பிடிப் பகுதியை மட்டும் ரீஜன் ரெண்டர் எடுத்து மேலே ஒட்டினேன். வேலை முடிந்தது. எடிட்டிங்கில் எது நடக்கும், எதற்கு ரெண்டருக்கே திரும்ப வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் நேரம் மிச்சம்.

பிரதிபலிப்பு லேயரை ‘ஸ்கிரீன்’ என்ற கலப்பு முறையில் வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. லீனியர் 32 பிட் படத்தில் ‘லீனியர் டாட்ஜ்’தான் சரி. வெளிச்சத்தோடு வெளிச்சம் சேர்வது வெறும் கூட்டல் கணக்கு.

அதே டிரையரில் இன்னொரு சமாச்சாரம்: ஸ்க்ரூ தலைகள். எல்லாவற்றிலும் பிளஸ் குறி ஒரே கோணத்தில் நின்றது. கேட்டில் ஒன்றைப் போட்டு பேட்டர்னில் நகலெடுத்தால் அப்படித்தான் வரும். நிஜத்தில் முறுக்கு எங்கே முடிகிறதோ அங்கே நிற்கும், ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. இதை ஃபோட்டோஷாப்பில் சுழற்றக் கூடாது, தலையின் மேலிருக்கும் ஒளிப்புள்ளியும் சேர்ந்து சுழன்றுவிடும். மாடலில் திருப்பிவிட்டுத்தான் ரெண்டர்.

ரெண்டரில் வரும் நாய்ஸைப் (புள்ளி புள்ளிச் சிதறல்) பாதியாக்க நாலு மடங்கு சாம்பிள் (ஒவ்வொரு பிக்சலுக்கும் எடுக்கும் ஒளிக் கணக்கு) வேண்டும், அதனால் எல்லோரும் அதை வழித்தெடுக்கும் டீனாய்சர் போடுகிறோம். அது வார்ப்பிரும்பின் சொரசொரப்பையும் நாய்ஸ் என்று நினைத்து வழித்துவிடும். இரண்டு படத்தையும் வைத்துக்கொள்கிறேன்: பின்னணிக்கும் நிழலுக்கும் டீனாய்ஸ் செய்தது, டெக்ஸ்சர் உள்ள பாகங்களுக்கு மாஸ்க் போட்டு அசல். எல்லாம் முடிந்தபிறகு, கடைசி லேயராகப் படம் முழுவதற்கும் மிக மெல்லிய கிரெய்ன் (பொடிப்புள்ளி). ஒட்டுப்போட்டது தெரியாமல் போவது மட்டுமில்லை, நான் சொன்ன அந்த வளையங்களும் அதில் கரைந்துவிடும்.

தூசி, விரல்ரேகை, கீறல் போடுவதில் கை நீளக் கூடாது. புதுப் பொருளை விற்கும் படத்தில் கீறல் எதற்கு? ரஃப்னஸில் தெரிந்தும் தெரியாத ஏற்ற இறக்கம் போதும்.

* * *

ஏஐ கொண்டு ‘இன்னும் ரியலிஸ்டிக்காக’ ஆக்குவது பற்றி யாரும் சொல்லவில்லையே. செய்து பார்த்தேன். படம் அசத்தலாக வந்தது. ஃபிளாஞ்சில் ஆறு போல்ட் துளை இருந்த இடத்தில் ஐந்து. பெயர்ப் பலகையில் எழுத்து மாதிரி ஏதோ ஒன்று, எந்த மொழியிலும் சேராதது. இயந்திரப் பாகம் வாங்குபவர் படத்தில் துளையை எண்ணுவார். இப்போது ஐடி பாஸில் பொருளை முழுக்க மாஸ்க் செய்து பூட்டிவிட்டு, பின்னணிக்கு மட்டும்தான் ஏஐ. அங்கேயும் வெளிச்சம் வரும் பக்கத்தை ஒருமுறை சரிபார்த்துவிடுவேன்.

* * *

கொஞ்சம் எதிர்க்கட்சி பேசிக்கொள்கிறேன். சர்வீஸ் மேனுவலுக்குப் படம் செய்யும் எனக்கு போட்டோ மாதிரி வந்தால்தான் தொல்லை. எந்த கேஸ்கெட் எந்தப் பள்ளத்தில் உட்காரும் என்று தெரியவேண்டிய இடத்தில் கறுப்புப் பட்டையும் ஆழ மங்கலும் (ஃபோகஸுக்கு வெளியே இருப்பது மங்குவது) வந்து மறைத்தால் மெக்கானிக் திட்டுவார். படம் யாருக்கு என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

அது இருக்கட்டும், ஒரு சந்தேகம். எப்போதாவது முகப்புப் பக்கத்துக்கு மங்கல் கேட்கிறார்கள். ஆழப் பாஸை (ஒவ்வொரு பிக்சலும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்லும் படம்) வைத்து எடிட்டிங்கில் மங்கலாக்கினால் பொருளைச் சுற்றி வெளிறிய ஓரம் வருகிறது. எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

* * *

ஹேர் டிரையர் எழுதியவள்தான். ஓரத்து பிக்சலில் முன்பொருளும் பின்னணியும் கலந்திருக்கும். ஆனால் ஆழம் என்று ஒரே எண்தானே கொடுக்க முடியும்? அதுதான் அந்த ஓரம். முன்பொருளையும் பின்னணியையும் தனித்தனியாக ரெண்டர் எடுத்து, பின்னணியை மட்டும் மங்கலாக்கி, மேலே முன்பொருளை வையுங்கள். மறைந்திருந்த பின்னணியும் முழுசாகக் கிடைப்பதால் ஓரம் சுத்தமாக வரும். கண்ணாடியோ குரோமோ இருந்தால் இதுவும் உதவாது. ஆழப் பாஸ் கண்ணாடியின் மேற்பரப்பு வரைக்குமான தூரத்தைத்தான் சொல்லும், அதற்குள் தெரிவது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அந்த ஷாட்டுக்கு மட்டும் ரெண்டர் கேமராவிலேயே ஆழ மங்கலைப் போட்டுவிடுங்கள். நாய்ஸ் கூடும், சாம்பிளை ஏற்றிவிட்டு இரவு ஓடவிடுங்கள்.