ஜுபைலில் கடலுக்குப் போன தங்கை கணவரைக் காணவில்லை. அரசிடம் என்ன கேட்கலாம்?

கேட்டவர்: குளச்சல்காரி

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்க்காரர்கள். என் தங்கையின் கணவர் சவுதியில், ஜுபைலில், ஒரு கஃபீலின், அதாவது விசா கொடுத்து வேலைக்கு எடுத்த சவுதி முதலாளியின், படகில் மீன்பிடி வேலை பார்த்தார். அக்டோபர் கடைசியில் அவரும் வங்கதேசத்துக்காரர் ஒருவரும் சிறு படகில் கடலுக்குப் போனார்கள். திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை. அறையில் கூடத் தங்கியிருந்தவர்தான் எங்களுக்குத் தகவல் சொன்னார். கஃபீல் முதலில் ஒருமுறை பேசினார். இப்போது தொலைபேசியை எடுப்பதே இல்லை.

பங்குத்தந்தை மனு எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்தோம். காவல் நிலையத்தில் "சவுதியில் நடந்ததற்கு இங்கே எப்படி வழக்குப் போடுவது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விசாவுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஏறுகிறது, நகை முழுவதும் அடகில். அவர் கணக்கில் இருக்கும் பணத்தை எடுக்கலாம் என்று போனால், வங்கியில் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கேட்கிறார்கள். இறப்பு என்ற பேச்சையே தங்கை வீட்டில் எடுக்க விடுவதில்லை. இரண்டு பிள்ளைகளும் பள்ளியில் படிக்கிறார்கள். எம்.பி.யைப் பாருங்கள் என்கிறார் ஒருவர், டெல்லிக்குப் போங்கள் என்கிறார் இன்னொருவர். எதை முதலில் செய்வது?

பதில்: ஓய்வுபெற்ற எழுத்தர்

டெல்லிக்குப் போக வேண்டாம் அம்மா, பணம்தான் வீணாகும். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அது நேரே ரியாத் தூதரகத்துக்குப் போகும், புகார் எண்ணும் கிடைக்கும். அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகம் சென்னை சேப்பாக்கத்தில், எழிலகத்தில் இருக்கிறது. அங்கே பதிவுத் தபாலில் ஒரு மனு அனுப்புங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கினீர்களா? அது இல்லாவிட்டால் மனு கொடுக்காத மாதிரிதான்.

பதில்: பழைய தம்மாம்காரன்

தங்கச்சி, நான் பதினாறு வருடம் தம்மாமில் இருந்தவன். வேலை நேரம் போக மீதி நேரத்தில் நம் ஊர் ஆட்களின் சடலங்களை அனுப்பும் வேலையில் தன்னார்வலர்களோடு ஓடியிருக்கிறேன். அதனால் சொல்கிறேன்: இறந்தவருக்கு உதவ அரசிடம் வழி இருக்கிறது. சிறையில் இருப்பவருக்கும் சம்பளம் கிடைக்காமல் தவிப்பவருக்கும் கூட வழி இருக்கிறது. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவரின் குடும்பத்துக்குத்தான் எந்த மேசையிலும் கோப்பு இல்லை.

இந்திய சமூக நல நிதி என்று 2009 முதல் தூதரகங்களில் ஒன்று இருக்கிறது. டிக்கெட், தங்குமிடம், சட்ட உதவி, சடலம் அனுப்பும் செலவு எல்லாம் அதிலிருந்து வரும். ஆனால் அதைத் தூதரகம் அங்கே செலவு செய்யும். ஊரில் இருக்கும் மனைவி கைக்கு மாதாமாதம் ஒன்றும் வராது. பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற காப்பீட்டில் பத்து லட்சம் ரூபாய் உண்டு. அதற்கு விபத்தில் இறந்தார், அல்லது நிரந்தரமாக ஊனமானார் என்று காட்ட வேண்டும். கடலில் காணவில்லை என்றால் ஆதாரம் கேட்பார்கள். ஆதாரத்தைக் கடல்தான் வைத்திருக்கிறது.

இதில் எனக்கு ஆத்திரம் எங்கே என்றால், செய்ய மனமிருந்தால் அரசுக்கு வழி தெரியும். மத்திய அரசு ஊழியர் காணாமல் போனால், முதல் தகவல் அறிக்கை பதிவாகி ஆறு மாதத்தில் குடும்பம் ஓய்வூதியம் கேட்கலாம். 2017 ஒக்கிப் புயலில் நம் மாவட்டத்து ஆட்கள் திரும்பாதபோது, ஏழு வருடம் காத்திருக்கும் விதியைத் தளர்த்தி, காணாமல் போனவர் குடும்பங்களுக்கும் இருபது லட்சம் கொடுத்தார்கள். இலங்கைச் சிறையில் இருக்கும் மீனவர் வீட்டுக்கு நாள்படி கொடுக்கிறார்கள். உங்கள் தங்கை கணவரும் மீனவர்தானே. குளச்சல் துறைமுகத்திலிருந்து போயிருந்தால் ஒரு கணக்கு, ஜுபைலிலிருந்து போனால் வேறு கணக்கா? மனுவில் ஒக்கி உத்தரவைச் சுட்டிக்காட்டி எழுதுங்கள். எம்.பி.யைப் பார்ப்பதாக இருந்தால் இதைக் கேட்கப் போங்கள், ஆறுதல் கேட்க வேண்டாம்.

இப்போது அவசரமானது ஒன்று. படகு திரும்பவில்லை என்று கஃபீல் சவுதி எல்லைக் காவல் படையிடம் புகார் கொடுத்தாரா? இல்லை, தன் தலை தப்பினால் போதும் என்று 'ஹுரூப்' போட்டுவிட்டாரா? ஹுரூப் போட்டால் காகிதத்தில் உங்கள் ஆள் வேலையை விட்டு ஓடிப்போனவர். கடலில் காணாமல் போனவர் இல்லை. பிறகு சம்பளப் பாக்கி, காப்பீடு எல்லாமே சிக்கலாகும். அவருடைய இக்காமா (சவுதி குடியிருப்பு அனுமதி அட்டை) எண்ணைக் கொடுத்து இந்த ஒரு கேள்வியைத் தூதரகத்திடம் எழுத்தில் கேளுங்கள். "கண்டுபிடித்துத் தாருங்கள்" என்று பொதுவாக எழுதினால் "முயற்சி செய்கிறோம்" என்று பொதுவாகத்தான் பதில் வரும்.

பதில்: நாகர்கோவில் வழக்கறிஞர்

காவல் நிலையத்தில் வாங்க மறுத்தால் மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். வெளியுறவு அமைச்சகத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். காவல்துறைப் பதிவு இல்லாமல் பின்னால் எதுவுமே நகராது.

ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாவிட்டால் இறந்ததாக அனுமானிக்கலாம் என்பது பாரதிய சாட்சிய சட்டத்தின் 111-ஆம் பிரிவு. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 108. இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: சட்டம் இறப்பை அனுமானிக்குமே தவிர, இறந்த தேதியை அனுமானிக்காது. எல்.ஐ.சி. வழக்கு ஒன்றில் 2004-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் கணவர் காணாமல் போனதும் மனைவி பிரீமியம் கட்டுவதை நிறுத்தியதால் பாலிசி காலாவதியாகி, பணம் கிடைக்கவில்லை. எனவே அவர் பெயரில் எல்.ஐ.சி. பாலிசி இருந்தால், எவ்வளவு கஷ்டமானாலும் பிரீமியத்தை விடாதீர்கள்.

குளச்சல்காரி:

அண்ணா, ஐயா, எல்லோருக்கும் நன்றி. ஒப்புகைச் சீட்டு இருக்கிறது. இக்காமா நகலை அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தது கிடைத்தது. எல்.ஐ.சி. பாலிசி ஒன்று இருக்கிறது, இரண்டு தவணை கட்டவில்லை. ஒரு சந்தேகம்: கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியத்துக்கு எழுதிப் போடச் சொல்கிறார் கிராம நிர்வாக அலுவலர். தங்கை அழுகிறாள். அவர் இவளைக் கைவிடவில்லையே.

பதில்: ஓய்வுபெற்ற எழுத்தர்

கிராம நிர்வாக அலுவலர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அப்படி எழுதிக் கொடுக்காதீர்கள். கணவர் விட்டுப் போனார் என்று உங்கள் கையெழுத்தில் ஒரு தாள் கோப்பில் ஏறினால், பின்னால் ஹுரூப் போட்டவனுக்கு அதுவே சாட்சியாகிவிடும். பிள்ளைகளுக்காக மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைப் பாருங்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் நாலாயிரம் ரூபாய் வரை நிதி ஆதரவு உண்டு. குடும்ப நிலையை உள்ளபடியே, "வெளிநாட்டில் கடலில் காணாமல் போனார்" என்றே எழுதிக் கேளுங்கள். விண்ணப்பத்தோடு ஆட்சியர் மனுவின் ஒப்புகை நகலை வையுங்கள்.

பதில்: பழைய தம்மாம்காரன்

எழுத்தர் சொன்னதே சரி. பாலிசித் தவணையை இந்த வாரமே கட்டிவிடுங்கள். இக்காமா எண்ணை இங்கே பொதுவில் போடாதீர்கள், தனிச் செய்தியில் அனுப்புங்கள். ஜுபைலில் நம் பையன்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறையில் துறைமுகத்துக்குப் போய், எல்லைக் காவல் படையில் புகார் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டு வரச் சொல்கிறேன். அந்த வங்கதேசத்துக்காரரின் பெயரும் தெரிந்தால் அனுப்புங்கள். அவர் வீட்டாரும் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள், அவர்கள் தூதரகத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்பதும் நமக்கு வேண்டும்.