மார்பிட் ஏஞ்சலின் 2011 ஆல்பம்: குற்றம் மாற்றத்திலா, செய்த விதத்திலா?

கருங்கித்தார்:
'இல்லுட் டிவினும் இன்சானஸ்' ஆல்பத்தை மறுபடி முழுவதும் கேட்டேன். வெளிவந்தபோது மூண்ட கோபம் இன்னும் ஆறவில்லை. 'ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்' (1989) தந்து டெத் மெட்டல் என்ற மூர்க்கமான, வேகமான ராக் வகைக்கே இலக்கணம் வகுத்த ஃபுளோரிடா குழு இது. முந்தைய ஆல்பமான 'ஹெரடிக்' வந்து எட்டு ஆண்டுகள் காத்திருந்தோம். பழைய பாடகர் டேவிட் வின்சென்ட் வேறு திரும்பி வந்திருந்தார். முன்னிசை முடிந்ததும் காதில் விழுவது 'டூ எக்ஸ்ட்ரீம்': ஒரே சீராக இடிக்கும் இயந்திர கிக் டிரம், அதன்மேல் நறுக்கி ஒட்டிய கித்தார். ஆறு நிமிடம் ஓடியும் பாட்டு இருந்த இடத்திலேயே நிற்கிறது.

ஓசைத்தேடி:
இந்த இயந்திர ஓசை திடீரென்று முளைத்ததுபோல் பேசாதீர்கள். 1994இலேயே இயந்திர ஓசையும் மின்னணுத் தாளமும் கலந்த இண்டஸ்ட்ரியல் இசையைத் தரும் ஸ்லோவேனியாவின் லைபாக் குழு இவர்களுடைய பாடல்களை ரீமிக்ஸ் செய்து வெளியிட்டது. 1995இன் 'டாமினேஷன்' ஆல்பத்தில் வேகம் குறைந்து, வின்சென்டின் குரல் சிதைந்து ஒலித்ததை அன்று ரசித்தீர்களே? பிறகு ஜெனிடார்ச்சரர்ஸ் என்ற இண்டஸ்ட்ரியல் குழுவில் பேஸ் கித்தார் வாசித்தவர் அவர். அந்த ருசி அவரோடுதான் வந்தது. வாழ்நாள் முழுக்க ஒரே ஆல்பத்தைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது ரசனை ஆகாது.

கருங்கித்தார்:
'டாமினேஷன்' மாறியபோதும் குழுவின் கித்தார் கலைஞர் ட்ரே அசக்தோத்தின் ரிஃப்தான், அதாவது திரும்பத் திரும்ப வரும் கித்தார் வரிதான், பாட்டைச் சுமந்தது. குரல் சிதைவு அதற்கு மேல்பூச்சு. இந்த ஆல்பத்தின் 'ரேடிகல்ட்' கேளுங்கள்: ஏழு நிமிடத்துக்கு மேல் துள்ளும் தாளம், அதில் கோஷம்போல் ஒரு பல்லவி. ரிஃப் எங்கே? உலகின் தலைசிறந்த கித்தார் கலைஞர்களில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருக்கு வேலையே கொடுக்கவில்லை!

இரட்டைமிதி:
டிரம் வாசிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். முதுகு அறுவை சிகிச்சையால் குழுவின் டிரம் கலைஞர் பீட் சான்டோவல் இதில் வாசிக்கவில்லை. டிம் யங் வாசித்தார். 'நெவர்மோர்' பாட்டில் பிளாஸ்ட் பீட் என்ற அதிவேக டிரம் அடி தொடங்கும் இடங்களைக் கவனியுங்கள். கை துல்லியமாக இருக்கிறது, பாட்டும் பழைய மூர்க்கத்தோடு பாய்கிறது. ஆல்பம் வருவதற்கு முன்பே மேடைகளில் வாசித்துப் பழகிய பாட்டு அது. 'பிளேட்ஸ் ஃபார் பால்' பாட்டும் குறைந்ததல்ல. ஆகவே மொத்த ஆல்பத்தையும் குப்பையில் போடுவது நியாயமில்லை.

ஓசைத்தேடி:
எனக்கு அந்தப் பாடல்கள்தான் குறை. பழைய ரசிகர்களைச் சமாதானப்படுத்தச் செருகியவைபோல் இருக்கின்றன. 'டெஸ்ட்ரக்டோஸ்' போன்ற அணிவகுப்புத் தாளத்தில் முழு ஆல்பத்தையும் கொடுத்திருந்தால் தைரியமான படைப்பாக நின்றிருக்கும். இன்றைக்கும் அதை ஒலியைக் கூட்டி வைத்துத்தான் கேட்கிறேன்.

கருங்கித்தார்:
முதல்முறையாக உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். 'டூ எக்ஸ்ட்ரீம்' முடிந்த கையோடு 'எக்ஸிஸ்டோ வல்கோரே' என்ற அசல் டெத் மெட்டல் பாட்டு வருகிறது. அடுத்தடுத்த இரண்டும் ஒரே குழுவின் பாடல்களாகத் தோன்றவே இல்லை. ஆனால் முழுக்க இண்டஸ்ட்ரியலாகப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதை ஏற்கமாட்டேன். அந்தத் துறையில் லைபாக் போன்றவர்கள் ஒரு தாளத்துக்குள்ளேயே மெல்ல மெல்ல இறுக்கம் ஏற்றுவார்கள். இவர்கள் தாளத்தை ஓடவிட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். பிறகு நடந்ததையும் பாருங்கள். 2015இல் வின்சென்ட் விலகினார், முன்னாள் பாடகர் ஸ்டீவ் டக்கர் திரும்பினார். 2017இன் 'கிங்டம்ஸ் டிஸ்டெய்ன்ட்' ஆல்பத்தில் இந்தப் பரிசோதனையின் சாயலே இல்லை.

ஓசைத்தேடி:
அதுதான் என் வருத்தம். ரசிகர்களின் ஏச்சுக்குப் பிறகு அந்த வாசலையே அடைத்துவிட்டார்கள். இன்னொரு ஆல்பம் அதே திசையில் வந்திருந்தால், நீங்கள் சொல்லும் அந்த இறுக்கத்தை ட்ரே கண்டுபிடித்திருப்பார்.