பல்கேரியாவில் தலையாட்டல் குழப்பம், உதவி வேண்டும்

பிளோவ்டிவில் மருத்துவம் படிக்கிறேன், நான்காம் ஆண்டு. மூன்று மாதமாக வார்டில் நோயாளிகளிடம் பல்கேரிய மொழியில் விவரம் கேட்டு எழுதுகிறேன். மொழி ஓரளவு வந்துவிட்டது, தலையாட்டல்தான் பிடிபடவில்லை. இங்கே தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம், மேல்நோக்கி ஒரு வெட்டு வெட்டினால் இல்லை. நம் ஊர்த் தலையாட்டலுக்குக் கிட்டத்தில் இருக்கிறதே, சுலபம் என்று நினைத்திருந்தேன். ஆனால் இளைஞர்கள் சிலர் வெளிநாட்டவர் என்று தெரிந்ததும் எனக்காக மாற்றி ஆட்டுகிறார்கள், வயதானவர்கள் மாற்றுவதில்லை.

போன வாரம் ஒரு பாட்டியிடம் பெனிசிலின் ஒவ்வாமை உண்டா என்று கேட்டேன், பக்கவாட்டில் ஆட்டினார், இல்லை என்று எழுதிவிட்டேன். நல்லவேளை, சீனியர் டாக்டர் பார்த்துத் திருத்தினார். அன்றிரவு தூக்கமே வரவில்லை.

'தா' (ஆமாம்), 'நே' (இல்லை) என்று வாயால் சொல்லச் சொல்லிப் பார்த்தேன், வலியில் இருப்பவர்கள் தலையைத்தான் ஆட்டுகிறார்கள். அதே கேள்வியை எதிர்மறையாகத் திருப்பிக் கேட்டேன், இன்னும் குழம்பியது. அப்புறம் என் தலையை அசைக்காமல் வைக்கவும் முயல்கிறேன், கேட்கும்போது தானாக ஆடிவிடுகிறது.

இங்கே படித்த, வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்: தலையாட்டலை நம்பாமல் ஒவ்வாமையை உறுதிசெய்ய நோயாளியிடம் எப்படிக் கேட்கிறீர்கள்?