ஜாதிக்காய் இலை காய்ந்தும் உதிராமல் தொங்குகிறது, என்ன நோய்?

செம்மண்காடு (பண்ருட்டி): வணக்கம். பலா மரங்களுக்கு நடுவில் ஊடுபயிராக ஜாதிக்காய் வைத்திருக்கிறோம். ஐப்பசி அடைமழைக்கு அப்புறம் கீழ்க்கிளைகளில் இலை கருகிக் காய்கிறது, ஆனால் கீழே விழாமல் அப்படியே ஆடிக்கொண்டிருக்கிறது, இழுத்தால் வெள்ளை நூல் ஒன்றும் கூடவே வருகிறது. உரக்கடையில் சத்துக்குறைவு என்று நுண்ணூட்டம் கொடுத்தார்கள், அடித்தும் கேட்கவில்லை. நிழல் அதிகம் என்கிறார்கள், அப்பா வைத்த பலாவை வெட்ட மனசு வரவில்லை.

பாகூர் தோப்பு: அந்த நூல்தான் நோயே. வெள்ளை நூல் கருகல் என்பார்கள், மராஸ்மியஸ் என்ற பூசணம். குச்சியோடு ஏறி, காம்பு வழியாக இலையின் அடியில் விசிறி மாதிரி படர்ந்து ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் இலை செத்தும் விழுவதில்லை. தொங்கும் இலை பக்கத்துக் கிளையில் பட்டால் அங்கேயும் பிடிக்கும். நூல் கறுப்பாகக் குதிரைமுடி போல இருந்தால் அதன் இன்னொரு வகை, வைத்தியம் ஒன்றுதான். பலாவை வெட்டவே வேண்டாம், தாழ்ந்த வாதுகளை மட்டும் கழித்து வெயிலும் காற்றும் இறங்க விடுங்கள். நோய் பிடித்த குச்சிகளை நறுக்கி, தொங்கும் இலைகளையும் பொறுக்கி எரித்துவிட்டு, ஒரு சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூசண மருந்து) அடியுங்கள்.

செம்மண்காடு: ரொம்ப நன்றிங்க. கலவையைக் கடையில் வாங்கலாமா, நாமே கலக்கலாமா?

நெல்லிக்குப்பம் வயல்: நாமே கலக்கலாம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோவை 50 லிட்டர் தண்ணீரிலும், சுட்ட சுண்ணாம்பு 1 கிலோவை இன்னொரு 50 லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். இரும்பு வாளி கூடவே கூடாது, பிளாஸ்டிக் டிரம் எடுங்கள். துரு நீக்கித் தீட்டிய இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கிப் பாருங்கள், அலகில் செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே அடித்தால் இலை கருகிவிடும். கலக்கிய அன்றே தீர்த்துவிட வேண்டும்.

பாகூர் தோப்பு: இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள், மேலே மட்டும் அடிப்பது வீண். அடுத்த வருஷம் புரட்டாசியிலேயே, மழைக்கு முன்னால் ஒரு தடவை. பிஞ்சு வெடித்துப் பத்திரி (கொட்டையைச் சுற்றிய சிவப்பு உறை) அழுகுகிறதா? அது வேறு பூசணம், காய் பாதி முற்றும்போது இதே கலவை அதற்கும் உதவும்.

செம்மண்காடு: நாலைந்து காய் வெடித்திருக்கிறது. இன்னும் மேகமாக இருக்கிறதே, அடிக்கலாமா?

நெல்லிக்குப்பம் வயல்: வெயில் தெளியட்டும். அதற்குள் வாது கழிக்கிற வேலையை முடித்துவிடுங்கள். வெடித்த காயையும் ஒரு குச்சியையும் காகிதத்தில் சுற்றி விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள், பிளாஸ்டிக் பையில் போட்டால் போய்ச்சேர்வதற்குள் புழுங்கி அழுகிவிடும்.