சனிக்கிழமையும் பூட்டு, சாயங்காலமும் பூட்டு: எங்கள் நூலகத்துக்கு யாரிடம் போய்க் கேட்பது?

யூனிட் 7 ஆயா

எல்லோருக்கும் வணக்கம். ஒரு யோசனை கேட்கத்தான் வந்தேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். வயது 66. வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு கிளை நூலகம். பிப்ரவரி கடைசியில் அதன் கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். சனிக்கிழமை இனி கிடையாது, வார நாட்களில் மாலை 4 மணிக்கு அடைப்பு. காரணம் ஒரே வரி: செலவுக் குறைப்பு. கையெழுத்தும் இல்லை, எத்தனை நாளைக்கு என்றும் இல்லை.

அந்தச் சனிக்கிழமையை நம்பித்தான் நான் இருந்தேன். நான்கு வருஷமாக அங்கே பக்கத்து அறையில் ஏழு பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தருகிறேன். காசு வாங்குவதில்லை. அதில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன், ‘ழ’ எழுதும்போது பென்சிலோடு சேர்த்து நாக்கையும் மடிப்பான். அந்த ஒரு எழுத்துக்கு மட்டும் அவன் முகமே வேறு மாதிரி ஆகிவிடும். இவர்கள் வீட்டில் யாரும் தமிழ் பேசுவதில்லை. பேரன் சாமி கும்பிடும்போது தேவாரத்தில் இரண்டு வரி பார்த்துப் படித்தால் போதும் என்று ஆயாக்கள் அனுப்பி வைக்கிறார்கள்.

வார நாளில் வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். பள்ளி விட்டு டாக்சி பிடித்து வந்து சேரவே மூன்றேகால் ஆகிவிடும். பையை இறக்கிவைத்து உட்கார்ந்தால், அரை மணி நேரத்தில் விளக்கை அணைக்கத் தொடங்குகிறார்கள். வேலைக்குப் போகும் தாய்மார்கள் 5 மணிக்கு முன்னால் எங்கே வருவது?

கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் கேட்டேன். அவள் மேல் குற்றம் இல்லை, அவளுக்கும் சங்கடம்தான். “தமிழ்ப் புத்தகம் யாரும் எடுப்பதே இல்லை ஆன்ட்டி, கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுது” என்றாள். உண்மைதான், எடுப்பதில்லை. தமிழ் அலமாரி என்றால் இரண்டு தட்டு. அதில் எழுத்துப் புத்தகம் ஒரே ஒரு பிரதி. ஏழு பேர் ஒரே மேஜையில் அதை நடுவில் வைத்துப் படிக்கிறோம். ஒருத்தி வீட்டுக்கு எடுத்துப் போனால் மற்ற ஆறு பேருக்கு என்ன இருக்கும்? அதனால் படித்து முடித்துத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு வருகிறோம். நாங்கள் படித்த நான்கு வருஷமும் அந்தக் கணக்கில் ஒரு கோடாகக்கூட விழவில்லை. அதுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

என் தாத்தா கார்ப்பரேஷன் குப்பை வண்டியில் 31 வருஷம் வேலை செய்தவர். கார்ப்பரேஷன் தன் இந்தியத் தொழிலாளர்களுக்குக் கொடுத்த மேகசின் பாரக்ஸ் குடியிருப்பில் ஒற்றை அறையில்தான் எங்கள் குடும்பம் இருந்தது. டர்பன் தெருக்களைக் கூட்டியவர்களில் பலர் அங்கே இருந்த தமிழரும் தெலுங்கரும்தான். அந்த நகர மண்டபத்து நூலகத்துக்குள் அவர் கால் வைக்க முடியாது, அது வெள்ளைக்காரர்களுக்கு. அறுபதுகளின் நடுவில், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி எங்களைக் கிளப்பி இங்கே கொண்டுவந்து போட்டபோது எனக்கு ஐந்து வயது. சாட்ஸ்வொர்த்தில் அப்போது வீடு இருந்தது, நம்பர் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. நூலகம் பிறகு வந்தது. அதில் முதலில் அட்டை வாங்கியவர்களில் என் அம்மாவும் ஒருத்தி.

வார்டு கவுன்சிலரிடம் போனேன். நூலகம் மாகாணத்தின் பொறுப்பு என்றார். மாகாண அலுவலகத்துக்குப் போன் போட்டேன். நகராட்சியைக் கேளுங்கள் என்றார்கள். யார் சொல்வது சரி? மனு எழுதினால் பயன் உண்டா? இதில் பழக்கப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

டொங்காட்காரன்

அக்கா, உங்க மனசு புரியுது. ஆனா நான் வேற மாதிரிதான் பேசுவேன், கோவிச்சுக்காதீங்க.

எங்க ஊர் டொங்காட், உங்க டர்பன் நகராட்சியிலதான் வருது. 2022 ஏப்ரல் வெள்ளத்துல எங்க ஊர் தண்ணி சுத்திகரிப்பு நிலையமே போச்சு. மாசக்கணக்குல குழாய்ல ஒரு சொட்டு வரல. டாங்கர் எப்ப வரும்னு தெரியாம எங்கம்மா 71 வயசுல ரெண்டு வாளிய வெச்சுக்கிட்டு ரோட்டுல நின்னாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு ஹாரன் சத்தம் கேட்டா தெருவே ஓடும். இப்பவும் வாரத்துல ஏதோ ஒரு நாள் குழாய் வறண்டுதான் கிடக்குது. அந்த வாளி ரெண்டும் இன்னும் எங்க கதவுக்குப் பின்னாடியே இருக்கு, உள்ள எடுத்து வைக்க அம்மா விடமாட்டாங்க.

காசு கம்மின்னா முதல்ல பைப்பைச் சரி பண்ணட்டும். புத்தகம் காத்திருக்கும், தண்ணி காத்திருக்காது. நகராட்சி வரி ரேட்ஸ் பில் மட்டும் மாசம் தவறாம வருது.

பழைய கவுண்டர்

ஆயா, நான் ஒரு நகராட்சி நூலகத்தில் 24 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஊர் என்று வேண்டாம். உங்களை இரண்டு பக்கமும் துரத்தியது ஏன் என்று சொல்கிறேன்.

1996 அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, முதல் பகுதியில், தேசிய நூலகங்கள் தவிர மற்ற நூலகங்கள் மாகாணத்தின் தனி அதிகாரம் என்று இருக்கிறது. ஆனால் கட்டடம், ஆள், சாவி எல்லாம் பழைய காலத்திலிருந்தே நகராட்சிகளிடம் இருக்கின்றன. மத்திய அரசு 2007 முதல் மாகாணங்கள் வழியாக நூலக மானியம் கொடுத்து வருகிறது. அது முழுச் செலவுக்கும் எட்டாது. நகராட்சிக்கோ இது சட்டப்படி தன் பொறுப்பில்லாத செலவு. ஆகவே கை இறுகும்போது முதலில் இங்கேதான் வெட்டு விழும். கவுன்சிலர் சொன்னது பொய் இல்லை, மாகாணம் சொன்னதும் பொய் இல்லை. ஒரே கடிதத்தை இரண்டு பேருக்கும் போடுங்கள், ஒன்றின் அடியில் மற்றதற்கு நகல் என்று எழுதுங்கள். அப்போது தட்டிக்கழிப்பது கஷ்டம்.

நேரத்தைக் குறைப்பது எப்படி நடக்கிறது தெரியுமா? யாரும் நூலகத்தை மூடு என்று உத்தரவு போடுவதில்லை. ஒருவர் ஓய்வு பெறுவார், அந்த இடத்தை நிரப்ப மாட்டார்கள். பிறகு இன்னொருவர். சனிக்கிழமை திறக்க ஓவர்டைம் வேண்டும், அதை நிறுத்துவார்கள். உங்கள் கதவில் பிப்ரவரி கடைசியில் தாள் ஒட்டினார்கள் என்கிறீர்கள். அரையாண்டுத் திருத்த பட்ஜெட்டைச் சபையில் வைக்க வேண்டிய கெடு பிப்ரவரி 28. அதில் கைவைத்திருக்கலாம், பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது ஏப்ரல். இதுதான் சரியான நேரம். நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டப்படி அதற்குக் குறைந்தது 90 நாள் முன்னால் வரைவு பட்ஜெட் சபைக்கு வர வேண்டும். வந்த கையோடு அதை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். ஒப்புதலுக்கு எடுப்பது ஜூலைக்குக் குறைந்தது 30 நாள் முன்னால். ஆக, மே கடைசியில் ஒப்புதலுக்கு எடுக்கும் முன்பே கையில் போய்ச் சேர்ந்த கடிதத்துக்குத்தான் எடை. ஜூனில் ஆயிரம் கையெழுத்து கொண்டுபோனாலும் சமையல் முடிந்து இலை போட்ட பிறகு உப்பு கேட்பது போல. நூறு பேர் கையெழுத்திட்ட ஒரே மனுவைவிட, இருபது பேர் அவரவர் கையால் எழுதிய இருபது கடிதம் மேல். 

கணக்குக்கு வருகிறேன். நீங்கள் சொன்னதுதான் நோய். எடுத்துப் போன புத்தகம் பதிவாகும், உட்கார்ந்து படித்தவர் பதிவாக மாட்டார். எங்கள் காலத்தில் தலையெண்ணும் தாள் ஒன்று வைத்திருந்தோம். ஆள் குறைந்ததும் அதை யாரும் நிரப்பவில்லை. நீங்களே எண்ணுங்கள். முக்கியமாக, 4 மணிக்குப் பிறகு வந்து கதவை இழுத்துப் பார்த்துத் திரும்புகிறவர்களை. அவர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

முடிவு எடுத்த காகிதம் வேண்டுமென்றால் 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நிரப்பாத இடங்கள் எத்தனை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

தமிழைப் பற்றி ஒன்று. அரசியல் சட்டம் 6-ஆம் பிரிவில் மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழின் பெயரும் இருக்கிறது. கடிதத்தில் போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அந்தக் கடமை மொழி வாரியத்துக்கு, நூலகத்துக்கு இல்லை.

மெட்ரிக் 2

ஆயா, நானும் சாட்ஸ்வொர்த்தான். இந்த வருஷம் மெட்ரிக், பள்ளியின் கடைசி வகுப்பு. அடைத்த பிறகும் நூலக வைஃபை வெளிச் சுவர் வரைக்கும் கிடைக்கும், குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டு கோடு வரும். நாங்கள் நாலைந்து பேர் அங்கேதான் பழைய கேள்வித்தாள் இறக்குவோம். இருட்டினால் போனைப் பிடுங்க வருகிறார்கள், அதனால் ஆறு மணிக்குள் கிளம்பிவிடுவோம். எண்ண ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். எப்படியும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

யூனிட் 7 ஆயா

டொங்காட் தம்பி, கோபம் ஒன்றும் இல்லை. உங்கள் அம்மா வாளியோடு நின்றதைப் படித்துவிட்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 2000 வாக்கில் இங்கே வெஸ்ட்கிளிஃப், பேவியூ அடுக்குமாடிகளில் பணம் கட்டாத வீடுகளின் தண்ணீரைத் துண்டித்தபோது நாங்களும் வீதியில் நின்றோம், நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஃபாத்திமா மீர் அம்மாவும் வந்து நின்றார். தண்ணீர் முதலில் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் சனிக்கிழமை நூலகத்தை அடைத்து மிச்சம் பிடித்த காசு உங்கள் பைப்புக்குத்தான் போகிறது என்று எனக்கு யாரும் காட்டவில்லை. காட்டினால் நான் வாயை மூடிக்கொள்வேன். அதையும் கடிதத்தில் கேட்டிருக்கிறேன்.

கவுண்டர் அண்ணா, நீங்கள் சொன்னதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறேன்.

யூனிட் 7 ஆயா (இரண்டு வாரம் கழித்து)

எண்ணினோம். மெட்ரிக் பிள்ளை சுவரில், நான் மடக்கு நாற்காலியில், கோயிலில் கூழ் ஊற்ற வரும் மாமி ஒருவர் எனக்குத் துணை. 4 மணியிலிருந்து 5.30 வரை, வார நாள் மட்டும். செவ்வாய்க்கிழமை 19 பேர் திரும்பிப் போனார்கள். மழை கொட்டிய வியாழன்கூட 6 பேர். பெயர் கேட்கவில்லை. மாணவரா, பெரியவரா, எதற்கு வந்தார்கள் என்பது மட்டும் எழுதினோம். ஒருவர் வேலை விண்ணப்பத்தை அச்செடுக்க வந்தார், மறுநாள் காலைதான் கடைசி நேரமாம். சீருடையோடு ஒரு பெண் பிள்ளை கதவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டே நின்றாள். தாளில் கோடு போடும்போது என் கை நடுங்கியது.

கடிதம் இதுவரை 26. அதில் ஏழு, என் பிள்ளைகள் எழுதியவை. ஆங்கிலத்தில் எழுதி, கடைசியில் தங்கள் பெயரைத் தமிழில் போட்டிருக்கிறார்கள். வருகிற திங்கள் நகராட்சி அலுவலகத்தில் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் முத்திரை வாங்கி வருவேன். மாகாணத்துக்கு நகல் தபாலில்.

டொங்காட் தம்பி, தண்ணீரைப் பற்றி நீங்களும் உங்கள் அம்மாவும் ஆளுக்கு ஒரு கடிதம் எழுதிப் படமெடுத்து அனுப்புங்கள். அதே பட்ஜெட்டுக்குத்தானே, அச்செடுத்து என் பையிலேயே வைத்துக் கொண்டுபோகிறேன். ஞாயிறு மாலைக்குள் வேண்டும். வகுப்பு இப்போதைக்கு எங்கள் வீட்டு வராந்தாவில், சனி காலை 9 மணிக்கு.